பாறசாலை மண்ணில் எழுதியிருப்பது

கோடை முடிந்து முதல் மழை விழுந்ததும் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே மண்ணிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமும் அதே வாசனைதான், அந்தப் பக்கமும் அதே வாசனைதான். 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழர்கள் கேட்டுப் போராடிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு கிழித்தவர்கள் மொழியைக் கணக்கெடுத்தார்கள். மண்ணை யாரும் கணக்கெடுக்கவில்லை. மரச்சீனி, ஏத்தன் வாழை, தென்னை, ரப்பர் என்று எல்லையின் இரு புறமும் ஒரே விளைச்சல், ஒரே செம்மண்.

மழை வாசனைக்குக் காரணமான பொருளின் பெயர் ஜியோஸ்மின். 1965ல் அமெரிக்க விஞ்ஞானிகள் வைத்த பெயர். அதை மண்ணில் முக்கியமாகத் தயாரிப்பது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக் குடும்பம். பார்ப்பதற்குப் பூஞ்சை போல நூல் நூலாகக் கிளைவிடும், பூஞ்சை போலவே வித்து விடும். ஆனால் பிறப்பால் பாக்டீரியா. இந்த வாசனை யாருக்காக என்ற கேள்விக்கு 2020ல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு பதில் சொன்னார்கள். மண்ணில் தத்தித் திரியும் ஸ்பிரிங்டெயில் என்ற சிற்றுயிர் வாசனை பிடித்து வந்து பாக்டீரியாவைத் தின்கிறது; உடம்பில் ஒட்டிய வித்துகளைச் சுமந்துபோய் வேறிடத்தில் உதிர்க்கிறது. கவிஞர்கள் மண்வாசனையில் உருகிக் கொண்டிருந்த காலமெல்லாம் அது ஒரு போக்குவரத்து ஏற்பாடாக இருந்திருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் உண்மையான பெருமை வாசனையில் இல்லை, மருந்தில் இருக்கிறது. 1943ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் மாணவர் பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின்தான் காசநோயை வென்ற முதல் ஆன்டிபயாடிக். நோபல் பரிசு 1952ல் வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. தன் பங்குக்காக ஷாட்ஸ் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. மண்ணில் கிடைத்தது யாருடையது என்ற தகராறு அந்த முதல் பெரிய மருந்திலேயே தொடங்கிவிட்டது.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 1954ல் பூனாவை அடுத்த பிம்ப்ரியில் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் எம்.ஜே. திருமலாச்சார் என்ற பூஞ்சையியல் விஞ்ஞானி தலைமையில் ஒரு குழு மண்ணைச் சலித்தது. 1961ல் ஹேமைசின் வந்தது. தந்த பாக்டீரியாவுக்கு ஊர்ப் பெயரைச் சேர்த்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா என்று பெயரிட்டார்கள். அதே கூடத்திலிருந்து வந்த இன்னொரு மருந்து ஆரியோஃபஞ்சின். தென்னையின் தஞ்சாவூர் வாடல் நோய்க்கு, மயில்துத்தத்தோடு கரைத்து வேர் வழியாகச் செலுத்தச் சொல்லித் தமிழ்நாட்டு வேளாண் துறையினர் பரிந்துரைத்தது இதைத்தான். பிம்ப்ரியில் பிறந்த மருந்தை வேர்நுனியில் பாலிதீன் பையில் கட்டிவிட்ட தென்னை விவசாயிகள் பலருக்கு அது பாக்டீரியா தந்தது என்று தெரிந்திருக்காது.

பிறகு ஏன் வேட்டை நின்றுபோனது? காரணம் எளிது. மண்ணைக் கரைத்து, தட்டில் பரப்பி, முளைக்கும் பாக்டீரியாவை வளர்த்து, அது கக்கும் சாற்றை நோய்க்கிருமி மேல் ஊற்றிப் பார்ப்பது பழைய முறை. முதல் இருபது வருடம் தங்கமாகக் கிடைத்தது. அப்புறம் பழையதே திரும்பத் திரும்ப வந்தது. மண்ணில் அகப்படும் இவ்வகைப் பாக்டீரியாவில் ஏறக்குறைய 100க்கு ஒன்று ஸ்ட்ரெப்டோமைசினைத் தயாரிக்கும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. ஒவ்வொரு முறையும் வலையில் அதே மீன். மருந்து நிறுவனங்கள் கணக்குப் பார்த்து ஒவ்வொன்றாக ஒதுங்கின.

பாறசாலையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில், மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1963ல் தொடங்கியது, எல்லைக் கிராமங்களின் மரச்சீனிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் மேலிடம் என்றே சொல்லலாம். கிழங்கைத் துளைக்கும் பூச்சியைக் கொல்லும் ஒரு நுண்புழுவை அங்குள்ளவர்கள் ஆராய்ந்தபோது, அதன் வயிற்றில் ஒரு பாக்டீரியா குடியிருப்பது தெரிந்தது. பாப்பனங்கோட்டில் உள்ள தேசிய அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தாரோடு சேர்ந்து அதன் சாற்றைப் பிரித்தார்கள். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தடுக்கும் சில பொருள்கள் கிடைத்தன. அருமையான வேலைதான், ஆனால் அப்பொருள்களில் பல உலகின் வேறு மூலைகளில் ஏற்கெனவே கண்டெடுக்கப்பட்டவை. கிழங்குத் தோட்டத்துப் புழுவின் வயிற்றுக்குள் போனாலும் அதே மீன் வலையில் விழுவதுண்டு.

சாற்றைப் பிழிவதற்கு முன்னால் பாக்டீரியாவின் சமையல் ஏட்டைப் படித்துவிட்டால் என்ன என்ற யோசனை இங்கேதான் வருகிறது. அந்த ஏடு அதன் டி.என்.ஏ. தயாரிப்புக்கான மரபணுக்கள் அதில் எங்கெங்கோ சிதறிக் கிடந்திருந்தால் படிப்பது முடியாத காரியமாகியிருக்கும். அதிர்ஷ்டவசமாக, ஒரு மருந்தைச் செய்யத் தேவையான மரபணுக்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து ஒரே கொத்தாக அமர்ந்திருக்கின்றன. செய்யும் மரபணு, செய்ததை வெளியே அனுப்பும் மரபணு, எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் மரபணு, தன் விஷத்தால் தானே சாகாமல் காக்கும் மரபணு எல்லாம் ஒரே கொத்தில். 1984ல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் டேவிட் ஹாப்வுட்டும் ஃபிரான்சிஸ்கோ மல்பார்டிடாவும் ஒரு நீல நிற ஆன்டிபயாடிக்கின் முழுக் கொத்தையும் வெட்டியெடுத்து வேறொரு பாக்டீரியாவில் வைத்தார்கள். அதுவும் அதே ஆன்டிபயாடிக்கைத் தயாரித்தது. ஏட்டின் ஒரு பக்கத்தைக் கிழித்து அடுத்த வீட்டில் கொடுத்ததும் அங்கே அதே குழம்பு கொதித்த கதை.

இந்தக் கொத்து எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நெய்யாற்றின்கரைக் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளலாம். வழக்கமாக இலை இருந்த இடத்தில் இருக்கும், பரிமாறுகிறவர்கள் நகர்வார்கள். இங்கே மாற்றி, பரிமாறுகிறவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், இலை ஒவ்வொருவரையும் கடந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் உப்பு வைக்கிறார், அடுத்தவர் இஞ்சிக்கறி, அடுத்தவர் அவியல், அடுத்தவர் பருப்பும் நெய்யும். வரிசையின் கடைசியில் இலை நிறைந்து வெளியே வரும்போது அதுதான் மருந்து மூலக்கூறு. ஒவ்வொரு ஆளும் ஒரு புரதத் துண்டு. ஒவ்வொரு புரதத் துண்டுக்கும் டி.என்.ஏ.வில் ஒரு வரி. எந்த வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று டி.என்.ஏ.வைப் படித்தால், இலையில் என்ன விழும் என்பதைச் சாப்பிடாமலே ஓரளவு சொல்லிவிடலாம். எல்லா மருந்தும் இந்தப் பந்தி முறையில் தயாராவதில்லை. ஆனால் எரித்ரோமைசின், ரிஃபாமைசின் போன்ற பெரிய பெயர்களெல்லாம் இந்த வகை.

2002ல் ஹாப்வுட் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த அந்த நீலநிற பாக்டீரியாவின் முழு டி.என்.ஏ.வும் படித்து வெளியிடப்பட்டது. சுமார் 86 லட்சத்து 67 ஆயிரம் எழுத்துகள், 7,825 மரபணுக்கள். ஐம்பது வருட ஆராய்ச்சியில் அது தயாரிப்பதாகத் தெரிந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய சில பொருள்கள். ஏட்டிலோ 20க்கும் மேற்பட்ட கொத்துகள். மீதியெல்லாம் ஆய்வுக்கூடத் தட்டில் சமைக்கப்படாமல் மௌனமாக இருந்திருக்கின்றன. மண்ணில் பகைவனும் பசியும் இருக்கும்போது செய்வதை, சர்க்கரைக் கரைசலில் சொகுசாக வளரும்போது அது ஏன் செய்ய வேண்டும்? வேட்டையை நிறுத்தியவர்கள் மண் காலியாகிவிட்டது என்று நினைத்தார்கள். காலியானது அவர்கள் கையாண்ட முறைதான்.

2011ல் ஐரோப்பிய விஞ்ஞானிகள் ஆன்டிஸ்மாஷ் என்ற கம்ப்யூட்டர் நிரலை இலவசமாக வெளியிட்டார்கள். பாக்டீரியாவின் எழுத்துகளைக் கொடுத்தால் கொத்துகள் எங்கெங்கே, என்ன வகை, தெரிந்த மருந்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடும். பழைய மீனா புது மீனா என்பதை வலை போடுமுன்னே பார்த்துக்கொள்ளலாம். திருவனந்தபுரத்து ஆராய்ச்சி மாணவிக்கும் டோக்கியோ நிறுவனத்துக்கும் ஒரே கருவி. இந்த விஷயத்தில் மட்டுமாவது சமத்துவம்.

படிப்பதோடு நிற்காமல் திருத்தியும் எழுதலாம் என்று காட்டியது டெல்லி. காசநோய்க்கு மருந்து சாப்பிட்ட குடும்பங்களுக்கு ரிஃபாம்பிசினைத் தெரியும். சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் மாத்திரை. அதன் தாய்ப்பொருளான ரிஃபாமைசினைத் தந்த பாக்டீரியா 1957ல் பிரான்சின் தென்கடற்கரையில், ஒரு பைன் தோப்பின் மண்ணில் கிடைத்தது. மிலான் நகரத்து லெபெடிட் நிறுவனத்தார் அப்போது பிரபலமாக இருந்த ‘ரிஃபிஃபி’ என்ற திருட்டுச் சினிமாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1956ல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வு மையம், நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்தது. பிற்பாடு ரிஃபாம்பிசின் சேர்ந்த குறுகிய காலச் சிகிச்சையைச் சோதித்துப் பார்த்த இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் மருந்துக்கு மசியாத காசநோய்க் கிருமிகள் தோன்றிவிட்டன. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ரூப் லாலும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தைஃபோ மஹ்முதும் சேர்ந்து ரிஃபாமைசின் பந்தியில் ஆறாவது இடத்து ஆளின் கையை மாற்றினார்கள். மாற்றுக் கை வந்தது ராபமைசின் என்ற வேறொரு மருந்தின் பந்தியிலிருந்து. புதிய இலை வெளியே வந்தது. அதிலிருந்து செய்த மருந்து, ரிஃபாம்பிசினுக்கு அடங்காத சில காசநோய்க் கிருமிகளையும் ஆய்வுக்கூடத்தில் அடக்கியது. 2014ல் வெளியான இந்த வேலைக்கு இந்தியப் பத்திரிகைகள் கொடுத்த இடம் ஒரு கிரிக்கெட் வீரரின் முழங்கால் வலிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

மாற்றுக் கை தந்த ராபமைசினின் பூர்வீகம் ஈஸ்டர் தீவு. 1964ல் கனடா நாட்டு மருத்துவக் குழு ஒன்று அந்தப் பசிபிக் தீவுக்குப் போய் மண் எடுத்து வந்தது. மான்ட்ரியாலில் அயர்ஸ்ட் நிறுவனத்தில் அதிலிருந்து மருந்தைப் பிரித்தவர்களில் பஞ்சாபில் பிறந்த சுரேந்திரநாத் சேகல் முக்கியமானவர். நிறுவனம் ஆர்வமிழந்து கூடத்தை மூடியபோது அந்த பாக்டீரியாவை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை ஃபிரீசரில் வைத்துக் காப்பாற்றினார். 1999ல் அது மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தீவின் பூர்வகுடிப் பெயரான ராபா நுயிதான் மருந்தின் பெயரில் இருக்கிறது. வருமானத்தில் தீவுக்காரர்களுக்குப் பங்கு இல்லை. எரித்ரோமைசின் கதையும் இதுதான். பிலிப்பைன்ஸ் டாக்டர் அபெலார்டோ அகிலார் 1949ல் தன் ஊர் மண்ணை அமெரிக்காவின் இலை லில்லி நிறுவனத்துக்கு அனுப்பினார். மருந்து உலகமெங்கும் விற்றது. அவர் கடைசிவரை ராயல்டி கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார்.

இதற்கு நேர்மாறான முயற்சி நெய்யாற்றின் மூலத்திலேயே நடந்தது என்பதுதான் இந்தப் பகுதியின் சிறப்பு. ஆறு பிறக்கும் அகத்தியமலையில் 1987ல் ஆராய்ச்சிக்குப் போன குழுவோடு வழிகாட்டிகளாக நடந்த காணி இளைஞர்கள் களைப்பே தெரியாமல் ஏறினார்கள். தின்றுகொண்டிருந்த காயைக் கேட்டு வாங்கித் தின்ற விஞ்ஞானிகளுக்கும் தெம்பு வந்தது. ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து பாலோடு தாவரவியல் பூங்கா நிலையத்தில் டாக்டர் புஷ்பாங்கதன் குழு ‘ஜீவனி’ என்ற மருந்தைச் செய்தது. 1995ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸி 10 லட்ச ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும் தருவதாக உரிமம் வாங்கியது. அதில் பாதி காணிகளுக்கு. பணத்தை வாங்க 1997ல் ஓர் அறக்கட்டளை பதிவானது. இப்படி ஒன்று உலகத்தில் நடந்ததே அபூர்வம் என்று வெளிநாட்டு மாநாடுகளில் பேசப்பட்டது. ஊரிலோ செடியைப் பயிரிடவும் பறிக்கவும் வனத்துறை முட்டுக்கட்டை போட்டது, உற்பத்தி தள்ளாடியது, 2008ல் உரிமக் காலமும் முடிந்தது. அறக்கட்டளையின் பெயரிலேயே ‘கேரள’ என்ற சொல் உண்டு. மலையின் கிழக்குச் சரிவிலும் தெற்கிலும் காணிகள் இருக்கிறார்கள். அவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

குறைகள் எத்தனை இருந்தாலும் காணிகள் கணக்கில் ஒன்று தெளிவாக இருந்தது. செடி இலையாகக் காட்டிலிருந்து வந்தாக வேண்டும். வாங்குகிறவன் கொடுக்கிறவன் முன்னால் வந்து நின்றாக வேண்டும். மரபணுக் கொத்தில் அந்த நிர்ப்பந்தம் இல்லை. 2022ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஷான் பிரேடியின் குழு சிலாகிசின் என்ற ஆன்டிபயாடிக்கை அறிவித்தது. யாரோ எங்கோ படித்துப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றி வைத்திருந்த ஒரு பாக்டீரியாவின் எழுத்துகளில் ஒரு கொத்தைக் கண்டார்கள். இலையில் என்ன விழும் என்று கணித்தார்கள். அதை வேதிப்பொருள்களைக் கொண்டே கட்டினார்கள். மருந்தைப் பெற அந்த பாக்டீரியாவை வளர்த்துச் சாறு பிழிய வேண்டியிருக்கவில்லை. பல மருந்துகளுக்கு மசியாத கிருமி தாக்கிய எலிகளை அது காப்பாற்றியது. எலியிலிருந்து மருந்துக்கடைக்கு வரப் பல வருடமும் பல நூறு கோடி ரூபாயும் பிடிக்கும், பாதியில் நின்றும் போகலாம். ஆனால் பாதை திறந்துவிட்டது: மண் இல்லாமல், வித்து இல்லாமல், வெறும் எழுத்தைக் கொண்டு.

எழுத்துகளை ஒளித்து வைப்பதும் விடை ஆகாது. தரவுத்தளங்கள் திறந்து கிடப்பதால்தான் திருவனந்தபுரத்து மாணவிக்கும் வழி கிடைக்கிறது. பூட்டினால் முதலில் வெளியே நிற்பவர்கள் பணம் இல்லாதவர்களே. விவாதம் திறப்பதா பூட்டுவதா என்பதில் இல்லை, சம்பாதிக்கிறவர் திருப்பித் தருவாரா என்பதில் இருக்கிறது. இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம் 2002ல் வந்தது, அதன் தேசிய ஆணையம் சென்னையில் இருக்கிறது. சட்டம் நுண்ணுயிர்களையும் உள்ளடக்கியதுதான். ஆனால் எழுதியவர்கள் மனதில் வேப்பிலையும் மஞ்சளும் இருந்தன. 2025ல் வந்த புதிய ஒழுங்குவிதிகளில்தான் கம்ப்யூட்டரில் கிடக்கும் மரபணு வரிசைகளும் பங்கீட்டு வரம்புக்குள் வந்தன. உலக அளவில் 2024ல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய நாடுகள் ஒரு நிதியத்துக்கு ஒப்புக்கொண்டன. இத்தகைய வரிசைகளால் பெரும் லாபம் அடையும் நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதமோ வருவாயில் 0.1 சதவீதமோ தர வேண்டும். அதில் பாதியாவது பழங்குடி மக்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும். ‘தர வேண்டும்’ என்பதற்கு இங்கே ‘விரும்பினால் தரலாம்’ என்று பொருள். கல்யாண வீட்டு மொய் போல என்று சொல்லலாம் என்றால் அதுவும் சரியில்லை. மொய்க்கு ஒரு நோட்டுப்புத்தகமும், எழுதாதவர்களைப் பற்றிப் பேச ஊரும் உண்டு.

எல்லைக் கிராமங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயில் விளவங்கோடு தாலுகாவின் சுமார் 9,200 ஏக்கருக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரைக் கேரளம் 2004ல் நிறுத்தியது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. தண்ணீர் நின்றால் அன்றே தெரியும்; மரச்சீனி மூட்டில் வெடிப்பு விடும். மண்ணின் எழுத்துகள் போனால் எதுவும் காயாது. பாறை ஏற்றிவரும் லாரிக்குக் களியக்காவிளையில் அனுமதிச் சீட்டு கேட்கிறார்கள், பறவைக் காய்ச்சல் என்றால் கோழி வண்டியை நிறுத்துகிறார்கள். ஒரு கரண்டி ரப்பர்த் தோட்டத்து மண்ணில் உள்ள கோடிக்கணக்கான பாக்டீரியா எந்தச் சாவடியிலும் நிற்காமல் போய்விடும்.

சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருந்து ஒரு மக்கள் பதிவேட்டை எழுதிவர வேண்டும். மரமும் மீனும் கண்ணுக்குத் தெரியும், எழுதிவிடலாம். மண்ணுக்கு வேறு வழி வேண்டும். ஆராய்ச்சிக்கு மண் எடுக்க வருகிறவர் தோட்டத்தின் சர்வே எண்ணையும் தேதியையும் குழுவின் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகலாம். கிடைத்த பாக்டீரியாவின் ஒரு பிரதியைச் சண்டிகர் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தின் சேமிப்பகத்தில் அதே விவரத்தோடு வைக்கலாம். எழுத்துகளைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது ‘சேகரித்த இடம்’ என்று ஒரு கட்டம் வரும். இந்தியா என்று எழுதினாலே அது நிறைந்துவிடும். பாறசாலை என்றோ குளத்தூர் என்றோ சேர்த்து எழுத அதில் இடம் இருக்கிறது.